குளிரில் வண்டி ஓட்டும்போது கை விறைக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ஊட்டியில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். நவம்பர் பாதியில் உறைபனி தொடங்கினால் பிப்ரவரி வரை ஒரே புகார்தான் வரும்: "அண்ணா, கிளவுஸ் போட்டும் விரல் மரத்துப் போகுது. இதைவிட நல்ல கிளவுஸ் எங்க கிடைக்கும்?" வண்டியையும் ஆளையும் பார்த்தால் பலருக்கு கிளவுஸ் மாற்ற வேண்டிய தேவையே இருக்காது. காற்று மணிக்கட்டு வழியாகப் புகுந்திருக்கும். நெஞ்சு குளிர்ந்திருக்கும். கிளவுஸ் உள்ளே ஈரம் இருக்கும். காரணம் தெரியாமல் வாங்குகிற இரண்டாவது கிளவுஸும் முதல் கிளவுஸ் போலவேதான் வேலை செய்யும்.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கைக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: எப்போது வண்டியை நிறுத்த வேண்டும்

கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை, அல்லது தொட்டதே தெரியவில்லை என்றால் அந்தக் கையோடு வண்டி ஓட்டக் கூடாது. ஓரங்கட்டுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி விடியற்காலை, தலைகுந்தா பக்கம் வளைவு திரும்பியதும் சாலை நடுவில் ஒரு காட்டெருமை நின்றது. வேகம் அதிகமில்லை. முன் பிரேக் லீவரில்தான் விரல்கள் இருந்தன. ஆனால் எவ்வளவு அழுத்துகிறேன் என்று விரலுக்குத் தெரியவில்லை. முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிட்டது. தோளில் அடியோடு தப்பித்தேன். கை விறைப்பதை ஒரு அசௌகரியம் என்று பலர் நினைக்கிறார்கள். குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் உங்களைக் காப்பது அந்த விரல்கள்தான்.

நிறுத்திய பிறகு செய்ய வேண்டியது: கிளவுஸைக் கழற்றி இரண்டு கைகளையும் ஜெர்கினுக்குள் விட்டு அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது கையை நீட்டி, தோளில் இருந்து காற்றாடி மாதிரி வேகமாக முப்பது நாற்பது சுற்று சுற்றுங்கள். அந்த வீச்சிலேயே ரத்தம் விரல் நுனிக்கு ஓடும். சூடு திரும்பும்போது விண்விண் என்று வலிக்கும், அது சரியான அறிகுறி. சைலன்சரிலோ இன்ஜினிலோ கையை வைக்காதீர்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, கொப்புளித்த பிறகுதான் தெரியும். ரெக்சின் கிளவுஸ் என்றால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பத்து நிமிட சோதனை

வழக்கமான பாதையில், வழக்கமான நேரத்தில், வழக்கமான உடையோடு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கிளவுஸைக் கழற்றிப் பாருங்கள். எந்த விரல்? எந்தக் கை? நுனி மட்டுமா, முழுக் கையுமா? உள்ளே ஈரமா? விரலின் நிறம் என்ன? மணிக்கட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: விரல் நுனி மட்டும் வலிக்கிறது, உள்ளங்கை பரவாயில்லை

கிளவுஸ் இறுக்கமா?
முஷ்டியை மடக்குங்கள். விரல் நுனியில் துணி இழுத்துப் பிடித்தால் அது சின்ன சைஸ். உள்ளே நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. இறுக்கினால் காற்றுக்கும் இடமில்லை, ரத்தம் ஓடவும் வழியில்லை. விரல் நுனிக்கு முன்னால் சில மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். ஒரு கிளவுஸுக்குள் இன்னொரு கிளவுஸைத் திணித்துப் போடுகிறவர்களுக்கு இதே கோளாறுதான் வரும். உள்ளுக்கு மெல்லிய ஒன்று வேண்டுமென்றால் வெளி கிளவுஸ் ஒரு சைஸ் பெரிதாக இருக்க வேண்டும்.

விரல்கள் எந்நேரமும் லீவர் மேலேயே இருக்கின்றனவா?
லீவர் அலுமினியம். இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டியின் லீவர் பனிக்கட்டி மாதிரி இருக்கும், ஓட ஓட காற்று அதை இன்னும் குளிர வைக்கும். கிளவுஸ் வழியாக விரல் நுனியின் சூட்டை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழைய சைக்கிள் டியூபை விரல் நீளத்துக்கு வெட்டி லீவரில் இறுக்கமாக மாட்டிவிடுங்கள். மாட்டிய பிறகு லீவர் முழுதாகத் திரும்புகிறதா, ரப்பர் நழுவுகிறதா என்று பாருங்கள். நழுவினால் கழற்றிவிடுங்கள், நழுவுகிற ரப்பர் குளிரைவிட ஆபத்து.

கிளவுஸ் காற்றை விடுகிறதா?
கிளவுஸை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் மூச்சு வந்தால் காற்றும் வரும். ஊட்டியில் திபெத்தியர் கடைகளில் விற்கும் கம்பளிக் கிளவுஸ் நடந்து போகிறவருக்கு அருமையானது. வண்டியில் ஏறி 40 கிலோமீட்டர் வேகம் வந்ததும் அது சல்லடை. வெளியே 2 டிகிரி இருக்கும்போது அந்த வேகத்தில் திறந்த தோலுக்கு மைனஸ் 5 டிகிரி மாதிரி உறைக்கும். கம்பளியை வீசிவிட வேண்டாம். அதை உள்ளே போட்டு, மேலே காற்றுப் புகாத ஒன்று போடுங்கள். அவசரத்துக்கு, மெடிக்கலில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கிளவுஸை முதலில் கையில் மாட்டி அதன் மேல் கம்பளியைப் போட்டாலும் காற்று நிற்கும். அரை மணி, முக்கால் மணி நேரப் பயணத்துக்கு இது போதும். அதற்கு மேல் போனால் வியர்வை தேங்கி வேறு தொல்லை ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் பையை கிளவுஸுக்கு வெளியே கட்டிக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள், கிரிப்பில் வழுக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நுனி வலித்தால்?
காற்று நேராகக் கைமுட்டியில் மோதுகிறது. ஹேண்டில்பாரில் ஹேண்ட் கார்டு, அதாவது கைக்கு முன்னால் நின்று காற்றைத் தடுக்கும் மறைப்பு, மாட்டுங்கள். ஒரு கிளவுஸ் வாங்கும் காசு இருந்தால் அதற்கு முன் இதை வாங்குங்கள் என்பது என் கருத்து. காலி ஆயில் கேனை வெட்டிக் கட்டிக்கொண்டு வருகிற தோட்டத் தொழிலாளர்களைப் பார்த்திருக்கிறேன், அதுவும் காற்றைத் தடுக்கத்தான் செய்கிறது. எதை மாட்டினாலும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். டேங்கிலோ, ஒயரிலோ, லீவரிலோ இடிக்கக் கூடாது.

அறிகுறி: கனமான கிளவுஸ்தான், ஆனாலும் கொஞ்ச நேரத்தில் முழுக் கையும் சில்லிடுகிறது

என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் இந்த ரகம். பலர் இதற்காகவே கூடுதல் விலைக்கு கிளவுஸ் வாங்கிவிட்டு வந்திருப்பார்கள்.

கிளம்பும்போதே கை குளிர்ந்திருந்ததா?
கிளவுஸ் சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த கையை உள்ளே விட்டால் குளிரைத்தான் காக்கும். கேரட் அறுவடைக்கு விடிவதற்கு முன்பே கிளம்புகிறவர்கள், கேரட் கழுவும் இடத்தில் தண்ணீரில் கை வைத்துவிட்டு அப்படியே வண்டி எடுக்கிறார்கள். பால் ஊற்றுகிறவர்களும் அப்படித்தான். கையை நன்றாகத் துடைத்து, இரண்டு நிமிடம் அக்குளில் வைத்து, சூடு வந்த பிறகு கிளவுஸ் போடுங்கள். கிளவுஸையும் வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டுக்குள், முடிந்தால் அடுப்படிப் பக்கம் வையுங்கள். டீ குடிக்க நிறுத்தினால் ஹேண்டிலில் மாட்டிவிட்டுப் போகாமல் ஜெர்கினுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டில் இடைவெளி இருக்கிறதா?
வண்டியில் உட்கார்ந்து கையை ஹேண்டிலுக்கு நீட்டுங்கள். இப்போது சட்டைக்கையும் கிளவுஸும் சேரும் இடத்தைப் பாருங்கள். நிற்கும்போது மூடியிருந்த இடம், கை நீட்டியதும் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்திருக்கும். மணிக்கட்டில் தோல் மெல்லியது, ரத்தக் குழாய் மேலாக ஓடுகிறது. நாடி பார்க்க அங்கேதானே தொடுகிறோம். அந்த இடம் குளிர்ந்தால் விரலுக்குப் போகிற ரத்தம் குளிர்ந்துதான் போகும். பழைய கம்பளி சாக்ஸின் மேல் பகுதியை வெட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் போதும், காசே இல்லை. அடுத்த முறை கிளவுஸ் வாங்கும்போது மணிக்கட்டைத் தாண்டி முழங்கைப் பக்கம் நீளும் ரகமாக, பட்டையால் இறுக்குகிற மாதிரி வாங்குங்கள்.

நெஞ்சும் கழுத்தும் மூடியிருக்கின்றனவா?
இதை யாரும் நம்புவதில்லை. கைக்கு வந்த பிரச்சினைக்கு மஃப்ளர் கட்டச் சொல்கிறேனே என்று பார்ப்பார்கள். உடம்பின் நடுப்பகுதி குளிர ஆரம்பித்தால், இதயத்தையும் நுரையீரலையும் காப்பாற்ற உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். நெஞ்சு நடுங்குகிறவனுக்கு எந்தக் கிளவுஸ் போட்டாலும் விரல் விறைக்கும். ஸ்வெட்டர் மட்டும் போட்டால் காற்று உள்ளே போகும், அதன் மேல் காற்றுப் புகாத ஜெர்கின் வேண்டும். ஜெர்கின் இல்லாத நாளில் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே செய்தித்தாளை நான்காக மடித்து நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் பேப்பர் போடுகிறவர்களுக்கு இது தெரியும். கழுத்தில் மஃப்ளரை ஒரு சுற்று சுற்றி நுனிகளை உள்ளே செருகுங்கள். தொங்க விட்டால் காற்றும் புகும், சக்கரத்தில் சிக்கவும் கூடும்.

கீழே இருந்து வருகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். ஏறி வரும் 50 கிலோமீட்டர் சொச்சத்தில் வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்துவிடும். மலையடிவாரத்தில் கல்லாறில் வியர்த்தது என்று ஜெர்கினைக் கழற்றிக் கட்டி வைத்தவர், குன்னூருக்கு மேலே கேத்தி தாண்டும்போது விரலை ஊதிக்கொண்டிருப்பார். குன்னூரில் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் எடுத்த பிறகு போடுவதற்கும் எடுக்கும் முன் போடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வயிறு காலியா? கிளம்பும் முன் சிகரெட்டா?
வெறும் வயிற்றில் உடம்பு சூடு உண்டாக்கத் திணறும். இரண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சிகரெட் விரலின் ரத்தக் குழாயைச் சுருக்கும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று பற்றவைத்தால் விரல் இன்னும் சீக்கிரம் மரக்கும். மதுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. தோலில் சூடு மாதிரித் தெரிந்தாலும் உடம்புச் சூடு உண்மையில் வெளியேறிக்கொண்டிருக்கும்.

கிளவுஸ் பழசா?
உள்ளே இருக்கும் பஞ்சு நசுங்கித் தட்டையாகியிருந்தால் அது இனி சூட்டைப் பிடிக்காது. விரல் இடுக்கில் தையல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே வந்த பிறகுதான் புது கிளவுஸ் பற்றி யோசிக்க வேண்டும்.

அறிகுறி: கிளவுஸ் உள்ளே ஈரம்

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கண்டுபிடியுங்கள்.

மேல் பக்கமும் விரல் நுனியும் ஈரம் என்றால் மூடுபனி அல்லது தூறல். உள்ளங்கைப் பக்கம் மட்டும் ஈரம் என்றால், காலையில் சீட்டிலும் டேங்கிலும் படிந்த உறைபனியை கிளவுஸ் கையாலேயே துடைத்திருப்பீர்கள். இதை நிறையப் பேர் செய்கிறார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு பழைய துணி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மட்டும் ஈரம், வெளியே காய்ந்திருக்கிறது என்றால் வியர்வை. ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது கை வியர்த்து, இறக்கத்தில் அந்த ஈரமே குளிரும். உள்ளுக்குப் போடும் மெல்லிய ஜோடி ஒன்று மாற்று வைத்திருந்தால் போதும்.

மணிக்கட்டுப் பக்கம் ஈரம் தொடங்கினால் ரெயின் கோட் போட்ட விதம் தவறு. வெறும் குளிருக்கு நீள கிளவுஸை ஜெர்கின் கைக்கு மேலே போடலாம். மழைக்கு அப்படிப் போட்டால் கை வழியே வடிகிற தண்ணீர் நேராக கிளவுஸுக்குள் இறங்கும். மழையில் கிளவுஸ் உள்ளே, ரெயின் கோட் கை வெளியே.

நனைந்த தோல் கிளவுஸை அடுப்பருகிலோ ஹீட்டர் முன்னாலோ காய வைக்காதீர்கள், முறுகிப்போய் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, காற்றாட விடுங்கள்.

அறிகுறி: ஒரு கை மட்டும் விறைக்கிறது

வலது கை மட்டும்
வலது கை ஆக்சிலேட்டரைத் திருகியபடியே ஒரே நிலையில் இருக்கிறது, இடது கை அவ்வப்போது அசைகிறது. அதனால் வலதில் ரத்த ஓட்டம் குறைகிறது. முதலில் ஆக்சிலேட்டர் கேபிளைப் பாருங்கள். காய்ந்துபோன கேபிள் குளிரில் இன்னும் கடினமாகும், அதை இழுத்துப் பிடித்தே கை களைத்துப்போகும். எண்ணெய் விடுங்கள், வேண்டுமென்றால் கேபிளை மாற்றுங்கள், பெரிய செலவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் பட்டென்று தானாகத் திரும்ப வேண்டும். நேரான இடங்களில் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்குங்கள்.

இடது கை மட்டும், சூடாகும் கிரிப் போட்ட வண்டியில்
சூடாகும் கிரிப் என்றால் பேட்டரி கரண்டில் சூடாகும் கைப்பிடி. இடது கை விறைப்பதை கிரிப் கோளாறு என்று நினைத்துப் பலர் மாற்றிவிடுகிறார்கள். வலது கிரிப் ஆக்சிலேட்டரின் பிளாஸ்டிக் குழாய் மேல் இருக்கிறது, இடது கிரிப் நேராக இரும்புக் குழாய் மேல் இருக்கிறது. இடது பக்கச் சூட்டை ஹேண்டில்பார் தின்றுவிடுகிறது. கிரிப்பைக் கழற்றி, குழாயின் மேல் சூடு தாங்கும் ஸ்லீவ் ஒன்றை மெல்லிசாகப் போர்த்தி மறுபடி மாட்டினால் வித்தியாசம் தெரியும்.

இடது கை மட்டும், சாதாரண வண்டியில்
கிளட்சை எந்நேரமும் இரண்டு விரலால் பிடித்தபடி ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். அப்படி இல்லை என்றால் ஹேண்ட் கார்டு, கண்ணாடி இரண்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒரே கை, வண்டி ஓட்டாதபோதும் அடிக்கடி மரத்தால் அது வண்டி சம்பந்தப்பட்டதல்ல. டாக்டரைப் பாருங்கள்.

அறிகுறி: கை சூடாக இருக்கிறது, ஆனால் பிரேக்கும் கிளட்சும் பிடிபடவில்லை

கனமான கிளவுஸ் போட்டதும் விரலுக்கும் லீவருக்கும் உள்ள தூரம் மாறுகிறது. லீவரின் கோணத்தையும் கிளட்ச் கேபிளின் தளர்வையும் கிளவுஸ் போட்டுக்கொண்டே சரிசெய்யுங்கள். இண்டிகேட்டர், ஹாரன் ஸ்விட்சுகளை நின்ற இடத்தில் பத்து முறை அழுத்திப் பழகுங்கள்.

ஹேண்டிலோடு சேர்த்து மாட்டும் பெரிய உறை, அதாவது கையை உள்ளே விட்டு ஓட்டும் ரகம், உண்மையிலேயே நல்ல சூடு தரும். மலிவானதும்கூட. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனித்த பிறகுதான் சாலைக்குப் போக வேண்டும். ஒன்று, வேகத்தில் காற்று உறையை அமுக்கி முன் பிரேக் லீவரை அழுத்தலாம். பின்னால் வருகிற நண்பரிடம், நீங்கள் பிரேக் பிடிக்காதபோது பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, ஆக்சிலேட்டர் உறையில் சிக்காமல் திரும்புகிறதா? இவற்றில் எதில் சந்தேகம் வந்தாலும் கழற்றிவிடுங்கள். விழும் நிலையில் கையை சட்டென்று வெளியே எடுக்கவும் முடிய வேண்டும்.

அறிகுறி: சூடாகும் கிரிப் போட்டாகிவிட்டது, சரியாக வேலை செய்யவில்லை

முதலில் உங்கள் வண்டி அதைத் தாங்குமா என்று பார்ப்போம். ஒரு ஜோடி கிரிப் முழுச் சூட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், அதாவது 36 வாட். இன்னொரு 35 வாட் ஹெட்லைட் பல்பை எரிய விட்ட மாதிரி. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும், அதை அணைத்து மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. 350 சிசி வண்டிக்கு இது சுமையல்ல. சின்ன பேட்டரி வைத்த 100 சிசி வண்டிக்கு நான் மாட்டித் தருவதில்லை. அவர்களுக்கு உள்ளேயே பேட்டரி வைத்துச் சார்ஜ் செய்யும் கிளவுஸ் நல்லது, வண்டியின் கரண்டைத் தொடாது.

இரண்டு பக்கமும் சூடாகவே இல்லை
ஃபியூஸ் போயிருக்கிறதா பாருங்கள். அடுத்து ஸ்விட்ச். அடுத்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். மூடுபனி ஈரத்தில் பச்சை பிடித்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். எர்த் ஒயர் பெயின்ட் மேல் பட்டிருந்தாலும் சூடு வராது, வெறும் இரும்பில் பட வேண்டும்.

வலது பக்கம் மட்டும் சூடில்லை
ஒயர் அறுந்திருக்கும். ஆக்சிலேட்டர் தினமும் ஆயிரம் முறை திரும்புகிறது. தளர்வு விடாமல் கட்டிய ஒயர் கிரிப்பின் வாயிலேயே உடையும். மல்டிமீட்டரை (கரண்ட் சோதிக்கும் மீட்டர்) ஓம் அளவில் வைத்து இரண்டு கிரிப்பையும் பாருங்கள். நல்ல கிரிப் சில ஓம்கள் காட்டும், அறுந்தது ஒன்றும் காட்டாது. புதிதாக மாட்டும்போது முழுதாகத் திருகினாலும் ஒயர் இழுபடாத அளவுக்கு ஒரு வளைவு விடுங்கள். அந்த வளைவு பிரேக் லீவரில் சிக்காமலும் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை
கிரிப்பை நேராக பேட்டரியில் இணைத்திருப்பார்கள், இரவில் அணைக்க மறந்திருப்பீர்கள். சாவியை அணைத்தால் கிரிப்பும் அணைய வேண்டும். அதற்கு ரிலே (சாவியோடு சேர்ந்து கரண்டை இணைத்து, துண்டிக்கும் ஸ்விட்ச்) வைத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும் போட வேண்டும். இணைப்பு சரியாக இருந்தும் இறங்குகிறது என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கி வைத்தால் 13.5க்கும் 14.5க்கும் நடுவே வர வேண்டும். கிரிப்பைப் போட்டதும் 13க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் போதவில்லை.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுகிறீர்களா? மலையில் இது பலரின் பழக்கம். சார்ஜ் நின்றுவிடும், கிரிப் பேட்டரியைக் குடிக்கும். அதைவிட முக்கியம், இன்ஜின் பிடிமானம் இல்லாமல் முழு வண்டியையும் பிரேக் மட்டும் தாங்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய இடம்
புது ஃபியூஸ் மறுபடி மறுபடி போகிறது, ஒயர் தொட்டால் சுடுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறது, கிரிப் மாட்டிய பிறகு மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறது: இவற்றில் ஒன்று வந்தாலும் நீங்கள் கை வைக்காதீர்கள். பெரிய ஃபியூஸ் போட்டு ஓட்டுவது வண்டிக்கு நெருப்பு வைப்பது மாதிரி. 2020க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் சென்சார் ஒயர்கள் நிறைய. கிடைத்த ஒயரை உரித்து இணைக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். வாரன்டி இருக்கிறது என்றால் மாட்டும் முன் கம்பெனி சர்வீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வெயில் அடித்தாலும் விரல் மரத்துப் போகிறது

அப்படியென்றால் இது குளிரின் வேலையல்ல. ஹேண்டில் அதிர்கிறதா பாருங்கள்: ஹேண்டில்பார் முனையில் இருக்கும் வெயிட் கழன்று விழுந்திருக்கலாம், இன்ஜின் போல்ட் தளர்ந்திருக்கலாம், செயின் தொங்கியிருக்கலாம். கிரிப் தேய்ந்து கட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். ஹேண்டிலை உடும்பு மாதிரி இறுக்கிப் பிடிக்கும் பழக்கமும் காரணம்தான்.

இவற்றைச் சரிசெய்தும் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரக்கிறது, இரவில் தூக்கத்தில் எழுப்புகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் வேறொரு நரம்பு. இரண்டுக்கும் டாக்டர்தான். தள்ளிப்போட்டால் பிடி பலம் குறைந்துகொண்டே போகும்.

அறிகுறி: விரலின் நிறம் மாறுகிறது, வீங்குகிறது, அரிக்கிறது

கிளவுஸைக் கழற்றியதும் ஒன்றிரண்டு விரல் மட்டும் கோடு போட்ட மாதிரி வெளுத்து, பிறகு நீலமாகி, சூடு வந்ததும் சிவந்தால், குளிரில் ரத்தக் குழாய் அளவுக்கு மீறிச் சுருங்குகிறது என்று பொருள். ரேனோ என்று டாக்டர்கள் சொல்வார்கள். பலருக்கு இது பெரிய ஆபத்தில்லை. ஆனால் புதிதாக ஆரம்பித்தால், ஒரு கையில் மட்டும் வந்தால், விரல் நுனியில் புண் வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். வருடக்கணக்காக அதிரும் மெஷினில் வேலை செய்தவர்களுக்கும் இது வரும். தேயிலை வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின் பிடிக்கிறவர்கள் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

சில மணி நேரம் கழித்து, வீட்டுக்கு வந்த பிறகு, விரல் முட்டிகளில் சிவப்பாகவோ ஊதாவாகவோ தடித்து அரித்தால், அது ஈரக் குளிரில் இருந்து வந்த கையைச் சட்டென்று சூடாக்கியதால் வரும் வீக்கம். வந்ததும் அடுப்பில் கை காட்டும் பழக்கத்தை விடுங்கள், மெதுவாகச் சூடு வரட்டும். சொறியாதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். கொப்புளமாகி உடைந்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை இருந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, அரிதாக வருவது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. விரல் மெழுகு மாதிரி வெளுத்து, தொட்டால் கெட்டியாக, உணர்வே இல்லாமல் இருந்தால் தோல் உறைந்திருக்கிறது. நீலகிரியில் இது அபூர்வம், லடாக் பக்கம் வண்டி எடுத்துப் போகிறவர்களுக்கு நடக்கும். தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். மோதிரம் இருந்தால் கழற்றுங்கள். ஈரமில்லாத துணியில் விரல்களைத் தனித்தனியாகச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போக வெகுநேரம் ஆகும், மறுபடி உறையாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில், 37இல் இருந்து 39 டிகிரிக்குள், வையுங்கள். சூடு சரியா என்று உங்கள் கையால் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும். அந்தக் கையோடு நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது, பின்னால் உட்கார்ந்து போங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தூக்கம் வருகிறது என்று சொன்னால் யோசிக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள்.